பயந்து ஓடினார் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டப்போட்டி ஒன்று தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ நமது விளையாட்டுப் பக்கங்களில் ஒரே தலைப்புத்தான்: இன்னார் பயந்து பின்வாங்கினார். களுவாஞ்சிகுடியில் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உறுதியும் உடன்படிக்கையும் எழுதியே வயது போனது. குத்துச்சண்டை பார்க்கும் பழக்கம் அண்ணனிடமிருந்து வந்தது. அதனால் இந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

2021 மே 16 ஆம் திகதி பிரிட்டனின் ஹெவிவெயிட் சம்பியன் டைசன் பியூரி ஒரு வீடியோ போட்டார். ஓகஸ்ட் 14 இல் சவூதியில் இன்னொரு பிரிட்டிஷ் சம்பியனான அன்டனி ஜோஷுவாவுடன் மோதப்போகிறேன் என்றார். மறுநாளே அமெரிக்காவில் ஒரு நடுத்தீர்ப்பாளர், பியூரி முதலில் அமெரிக்க வீரர் டியோன்டே வைல்டருடன் மூன்றாவது தடவை மோதியாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். 2020 பெப்ரவரியில் பியூரியிடம் தோற்ற வைல்டருக்கு, இன்னொரு சண்டை கேட்கும் உரிமையை ஒப்பந்தமே கொடுத்திருந்தது. அந்த உரிமைக்கான காலம் கடந்துவிட்டது என்று பியூரி தரப்பு வாதிட்டது, எடுபடவில்லை. ஒக்டோபர் 9 இல் லாஸ் வேகாசில் அந்தச் சண்டை நடந்தது, 11 ஆவது சுற்றில் பியூரி வென்றார். இதில் யார் யாருக்குப் பயந்தது?

எங்கள் பக்கத்தில் வயல் குத்தகை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிணக்கு நன்றாகவே தெரியும். பெரும்போகத்துக்குப் பேசி முடித்துக்கொண்டு வருவார்கள். ஏக்கருக்கு எவ்வளவு என்பதில் வாக்குவாதமே இராது. எழுதிக்கொண்டிருக்கும்போது குத்தகைக்காரர், "வாற சிறுபோகமும் எனக்கே தரவேணும் எண்டு ஒரு வரி போடுங்கோ" என்பார். காணிக்காரர் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். குத்துச்சண்டையில் மறுபோட்டி நிபந்தனை என்று சொல்வது இந்த ஒரு வரியைத்தான்.

2023 இல் பியூரிக்கும் உக்ரைன் வீரர் உசிக்குக்கும் நடந்த பேச்சு முறிந்ததும் இதனால்தான். வருமானத்தில் தனக்கு 70, உசிக்குக்கு 30 என்று பியூரி கேட்டார். நான்கு பெரிய பட்டங்களில் மூன்றைக் கையில் வைத்திருந்த உசிக் அந்த 30க்கே சம்மதித்தார். உக்ரைன் மக்களுக்கு 10 இலட்சம் பவுண் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். பணப் பங்கு தீர்ந்தது. மறுபோட்டி விஷயத்தில் முறுகி, ஏப்ரல் 29 இல் வெம்பிளியில் நடக்கவேண்டிய சண்டை இல்லாமல் போனது. அப்புறம் 2024 மே 18 இல்தான் ரியாத்தில் மோதினார்கள், உசிக் வென்றார். அந்த ஒப்பந்தத்திலும் மறுபோட்டி இருந்தது. அதே நேரம், அந்த நான்கு பட்டங்களில் ஒன்றை வழங்கும் ஐ.பி.எப். அமைப்பு தன் வரிசையில் நின்ற சவாலாளருடன் மோதச் சொன்னது. இரண்டையும் செய்ய முடியாமல் உசிக் அந்தப் பட்டத்தை அடுத்த மாதமே விட்டுக்கொடுத்தார், அது அந்தச் சவாலாளர் டானியல் டுபுவாவிடம் போனது. உசிக்கை ஒருவரும் வெல்லாமலே பட்டம் கைமாறியது. எனக்கு இந்தச் செய்தி எந்த நொக்அவுட்டையும் விடப் பெரியது.

பணமும் சின்ன விஷயமில்லை. 2022 இல் பியூரி - டிலியன் வைட் சண்டையை நடத்தும் உரிமைக்காக ஏற்பாட்டாளர்கள் கேட்ட ஏலம் 4 கோடியே 10 இலட்சத்து 25 ஆயிரம் டொலருக்குப் போனது. பத்தில் ஒரு பங்கை வெல்பவருக்கென ஒதுக்கி, மிச்சத்தை பியூரிக்கு 80, வைட்டுக்கு 20 என்று பிரித்தார்கள். வைட் அந்த 20 ஐ எதிர்த்து வாதாடியதைக் கோழைத்தனம் என்பதா? அடி வாங்கப்போகிறவர் அவர்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், அயலில் குத்துச்சண்டை பழகும் ஒரு பொடியன் அண்மையில் ஒரு தாளோடு வந்தான். வெளிநாட்டில் சண்டைப் போட்டி, முகவர் கொடுத்த ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். அடுத்த மூன்று சண்டைகளும் ஏற்பாட்டாளர் சொல்லும் ஆளோடு, அவர் சொல்லும் காசுக்கு. காயம் பட்டால் வைத்தியச் செலவு அவனுடையது. இதைக் கேள், அதைக் கேள் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் சொன்னான்: "கேள்வி கேட்டா பயந்திட்டான் எண்டு நினைப்பாங்க அன்ரி."

பத்திரிகைகள் சொல்லிக்கொடுத்த பாடம் இது என்றுதான் நினைக்கிறேன். முன்னாள் உலகச் சம்பியன் மைக் டைசனே தன் ஏற்பாட்டாளர் டொன் கிங் மீது 1998 இல் 10 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டு, 2004 இல் 1 கோடியே 40 இலட்சத்துக்கு இணங்கிப்போனார். ஏற்பாட்டாளர் ஒரு சண்டையில் தான் எடுக்கும் பணத்தை வீரருக்குச் சொல்லவேண்டும் என்று அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு சட்டமே வந்தது, முஹம்மது அலியின் பெயரில். இதையெல்லாம் நம் பிள்ளைகள் எங்கே வாசிப்பார்கள்?

அடுத்த பெரிய சண்டை பற்றி எழுதும்போது பங்கு எத்தனைக்கு எத்தனை, மறுபோட்டி யாருக்கு உரிமை, எந்த நிபந்தனையில் இழுபடுகிறது என்பதையும் தயவுசெய்து போடுங்கள். வெளிநாட்டுச் செய்தியில் இந்த விபரம் கடைசிப் பந்திகளில் இருக்கும். இடம் போதாது என்று முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பந்திகள்தான். அவற்றை விட்டுவையுங்கள், படத்தைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
களுவாஞ்சிகுடி