பட்டன் டப்பா

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, ஆனால் பழையதைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார். உன் போன் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்கிறார் அப்பா. இருக்கும். நானே கூப்பிட்டிருப்பேன், ஆனால் நடுவில் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேரத்தோடு தூங்கு. ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டிருக்காதே. பார்த்துக்கொண்டே இருந்தால் ஏதாவது வாங்கத் தோன்றும்.

உன் புது வீட்டைப் பற்றிச் சபையில் எல்லோரிடமும் சொன்னேன். பெருமையாகத்தான். முதல் சம்பளத்திலிருந்து இன்றுவரை நீ ஒரு மாதம்கூடத் தசமபாகம் தவறவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றாம் தேதி பணம் தானாகவே போய்விடும்படி வங்கியில் செய்து வைத்திருக்கிறாள் என்றதும் போதகரம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசித்தேன். தானாகவே போகிற பணத்தைப் பற்றி நீ நினைக்கவே வேண்டியதில்லையே. யாருக்குப் போகிறது, அவன் முகம் எப்படி இருக்கும், ஒன்றும் தெரியவேண்டாம்.

தசமபாகம் தப்பென்று சொல்லவில்லை. மத்தேயு 23:23ஐ எடுத்துப் பார். வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்தவர்களை நிறுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று கேட்டார் ஆண்டவர். இதையும் செய்யவேண்டும், அதையும் விடக்கூடாது என்றார். ஞாயிறு பள்ளியில் நீ பரிசு வாங்கியவள், உனக்கு நான் சொல்லித் தருகிறேன்!

நான் இருந்த ஐந்து நாளில் உன் வாசலுக்கு ஏழு பெட்டி வந்தது. எண்ணியிருக்கக்கூடாது. எண்ணிவிட்டேன். இரண்டைப் பிரிக்கவே இல்லை, சோபாவுக்குப் பின்னால் கிடந்தது. செசரியாவின் பசிலியார் என்று நாலாம் நூற்றாண்டில் ஒரு பேராயர் இருந்தார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தானே ஒரு ஐசுவரியவான், அவனைப் பற்றி அவர் பண்ணிய பிரசங்கத்தை நம் போதகர் ஒருமுறை சொன்னார். உன்னிடம் இருக்கிற அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய அங்கி உடுக்க இல்லாதவனுடையது, மக்கிப்போகிற செருப்பு வெறுங்காலோடு நடக்கிறவனுடையது என்றாராம். செருப்பு என்றதும் உன் வீட்டு நடையில் இருக்கிற அலமாரி எனக்கு ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

வியாழக்கிழமை காலை சமையலறையில் நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உன் வீடு, உன் சம்பாத்தியம். மாசக் கடைசி எல்லோருக்கும் மாசக் கடைசிதான். நீ கடுமையாகவும் பேசவில்லை. "ஜெபம் பண்ணிக்கிறேன் அக்கா" என்று அன்பாகத்தான் சொன்னாய். வீட்டு வேலைக்கு வருகிற அவளும் சிரித்துக்கொண்டேதான் பாத்திரத்தைத் தேய்த்தாள். மகனுக்கு ஃபீஸ் கட்ட மறுநாள்தான் கடைசி நாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள், அதுவும் நான் துருவிக் கேட்டதால். சாயங்காலம் மணி அடித்தது, நாலாவது பெட்டி. அதை உள்ளே எடுத்து வைத்ததும் அவள்தான்.

எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன் பார்.

யாக்கோபு 2:16 உனக்கு மனப்பாடம். ஆடையும் ஆகாரமும் இல்லாதவனிடம், "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறாரே, அந்த வசனம். அன்றைக்கு என் காதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏமாற்றிவிடுவார்கள் என்று நீ அடிக்கடி சொல்வாய். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா? ஆனால் நாலு வருஷமாக உன் வீட்டுச் சாவியை வைத்திருப்பவளைப் பற்றி அந்தப் பேச்சு எப்படி வரும்? அவள் கேட்டது தர்மமும் இல்லை. பாதி மாதத்துக்கு மேல் வேலை செய்தாயிற்று, அதற்கான கூலி. எளியவனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று உபாகமம் 24ல் இருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இப்படி ஒருநாள் மாட்டிக்கொண்டார். அறைச் சுவருக்குப் படங்கள் வாங்கிக் காசைக் கொடுத்து முடித்த சமயம், குளிரில் மெல்லிய துணியோடு ஒரு வேலைக்காரப் பெண் வந்து நின்றாள். பையில் கையை விட்டுப் பார்த்தால் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. இந்தப் பிள்ளையின் குளிரைப் போக்கியிருக்கக்கூடிய பணத்தால் சுவரை அலங்கரித்துவிட்டாயே என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28ல் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தார். 60 ஆனது, 90 ஆனது, செலவு மட்டும் 28தான். நம் வீடுகளில் சம்பளம் ஏறினால் முதலில் எது ஏறுகிறது?

தண்ணீர் நிறையக் குடி. தூங்கு.

அப்படியென்றால் நீங்களே கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். கேட்கவேண்டும். என் கைப்பையில் பணம் இருந்தது. மகள் வீட்டில் மகளை மீறி எப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். சாக்கு. நான் எப்போதுமே இப்படித்தான்.

பட்டன் டப்பா ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏழைகளுக்கென்று சபையில் பழைய துணி சேர்ப்பார்கள். நான் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுப்பேன். உங்களைப் போல யாரும் மடிப்பதில்லை என்று பெண்கள் சங்கத்தில் பாராட்டுவார்கள். மடிப்பதற்கு முன்னால் கத்தரிக்கோலை எடுத்து எல்லாச் சட்டையிலும் பட்டனை வெட்டி எடுத்துவிடுவேன். நல்ல பட்டன், எதற்கு வீணாகப் போகவேண்டும் என்று. நீ பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளை தனி, நீலம் தனி என்று பிரித்துப் போடுவாய். ஏழு வயது இருக்கும்.

அந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி பெஞ்சில் ஒரு பையன். அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டு ஊக்கு குத்தியிருந்தான், ஒன்று கழுத்துக்குக் கீழே, ஒன்று வயிற்றில். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் நடுவில் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். பாட்டுப் புத்தகத்தை அடுத்த கையில் விரித்துப் பிடிக்க முடியாமல் அது மூடிக்கொண்டே இருந்தது. "அம்மா, அண்ணன் சட்டை!" என்று நீ கத்தினாய். நான் உன் வாயைப் பொத்தினேன்.

இது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் இதுவரை கேட்டதில்லை. அடுத்த வருஷமும் கத்தரிக்கோலை எடுத்தேன் பாப்பா. உன்னைப் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நீ "ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொன்ன குரல் என் குரல்தான். எனக்கு அன்றைக்கு உன்மேல் கோபம் இல்லை. நான் உன்னைப் பார்த்த பார்வையை நீ அப்படி எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் பேசாமல் இருக்கிற அளவுக்கு அது மோசமான பார்வையாக இருந்ததா?

அப்பா இதைப் படித்துவிட்டு, பாதியைக் கிழித்துப் போடு என்றார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. ஆண்டவர் சொன்ன உவமைகளில் பெயர் உள்ள ஏழை லாசரு ஒருவன்தான். அதே கதையில் இரத்தாம்பரம் உடுத்திய ஐசுவரியவானுக்குப் பெயரே இல்லை. இதை எத்தனை கூட்டத்தில் நானே எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன்! ஐந்து நாள் அவள் கழுவி வைத்த தட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நீ அக்கா என்றாய், நானும் "ஏம்மா" என்றே கூப்பிட்டுவிட்டேன். அவள் பெயர் என்ன? போன் பண்ணும்போது சொல். அந்தப் பையன் ஃபீஸ் என்ன ஆனது என்றும் கேட்டுச் சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. அவர் நீலச் சட்டையில் கழுத்துப் பட்டன் ஆடிக்கொண்டிருந்தது, தைத்துக்கொடு. பட்டன் இல்லாவிட்டால் என்னிடம் இருக்கிறது.

அம்மா