செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், போசகர்கள், நிர்வாகசபையினர், வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கையை வட்ஸ்அப் குழுவில் போடுவேன். அங்கே குறை சொல்ல அவர்கள் ஒருநாளும் தவறியதில்லை.

தைப்பொங்கல் விழா நடந்தது. எங்கள் திருகோணமலையின் டச்சு விரிகுடாக் கடற்கரையில் சிரமதானம் நடந்தது. மாணவர்களுக்குக் கொப்பிகள் கொடுத்தோம். வாணி விழாவில் கடலை முடிந்துபோனது தவிர வேறு குறையில்லை.

இனி ஆகஸ்ட் மாத இசை இரவு. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்களுக்காக 60, 70களின் தீவுப் பாட்டுகளை மேடையேற்றுவோம், எல்லோரும் பூப்போட்ட சட்டையில் வருவோம் என்று யோசனை சொன்னவன் நான்தான். அதை மறைக்கவில்லை. அலங்காரக் குழு ரெஜிபோம் நுரை அட்டையில் தென்னைமரம் வெட்டிக்கொண்டு வந்தது. மண்டபத்துக்கு வெளியே நிஜத் தென்னை வரிசையாக நிற்கிறது, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கச்சான் காற்று முதல் வீச்சிலேயே ரெஜிபோமைத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது.

பெரிய சண்டை யாருடைய பாட்டை மேடையேற்றுவது என்பதில்தான். சினிமாப் பாட்டு வேண்டாம் என்பது என் முதல் விதி. உடனே ஒருவர் எழும்பி, ‘சுராங்கனி’ 1977இல் தமிழ்நாட்டுப் படமொன்றில் வந்ததே, அதையும் தள்ளுவீர்களா என்று கேட்டார். படத்துக்குப் போகமுன்னமே ஏ. ஈ. மனோகரன் இங்கே பாடி ஊரெல்லாம் ஆடிய பாட்டு அது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் அப்படித்தான், எங்கள் சொந்தச் சரக்கு. இந்த இரண்டும் இல்லாமல் இலங்கைத் தமிழ்ப் பொப் இரவு என்று போஸ்டர் அடிக்க எனக்கு மனம் வராது.

அடுத்த தகராறு பொனி எம். அது ஜேர்மனியில் ஒரு தயாரிப்பாளர் சேர்த்துக் கட்டிய டிஸ்கோக் குழு, தீவிசை எங்கே என்றார் போசகர் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் மேடையில் நின்ற நால்வரும் கரீபியன் தீவுகளில் பிறந்தவர்கள். இருவர் ஜமெய்க்கா, மற்ற இருவர் அரூபா, மொன்செராட். 1978இல் அவர்களைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பபிலோன் நதிப் பாட்டும் 1970இல் ஜமெய்க்காவின் மெலோடியன்ஸ் குழு பாடியதுதான். சேர்த்தோம். ட்ரினிடாட்டில் பிறந்த கலிப்சோ இசையில் ஹரி பெலஃபொன்டேக்கு எதிர்ப்பே இல்லை. 1980க்குப் பிந்தியது கூடாது என்றேன்; ரெகே பாடகர் பொப் மார்லி 1981 வரை உயிரோடிருந்தவர், அவரைப் பாதியில் வெட்டுவதா என்று இளைஞர் அணி கொதித்தது. சரி, ஒரு வருடம் தள்ளிக் கொடுத்தேன்.

பைலாவைச் ‘சிங்களப் பாட்டு’ என்று ஒதுக்கப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து சேர்ந்த தாளம் அது. அதன் உறவான கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தைத் திருகோணமலையின் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் கலியாண வீடுகளில் ஆடிய ஊர் இது. பாட்டுத் தேடி ட்ரினிடாட் வரைக்கும் போகிறவர்கள், பறங்கியர் வாழும் பாலையூற்று வரைக்கும் போகமாட்டார்களா? நான் போய் இரண்டு பெரியவர்களைக் கையோடு கூட்டிவந்தேன். ஒருவர் வயலின். மற்றவர் மண்டபத்துப் பின்வாசலில் சிரட்டை நெருப்பு மூட்டி, ரபான் என்ற கைமேளத்தின் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புகையைக் கண்டு காவலாளி தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். அன்றிரவு கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. பொனி எம் வேண்டாம் என்ற போசகர்தான் கடைசியாக மேடையடியை விட்டுப் போனார்.

தன் மகனின் ராப் பாட்டைச் சேர்க்கவில்லை என்று கோபித்து விலகிய உறுப்பினர் திரும்ப வரவேண்டும். பிள்ளை கெட்டிக்காரன், ஆனால் 2003இல் பிறந்தவன், நான் என்ன செய்ய?

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பாட்டுத் தெரிவுக் கூட்டங்களுக்கு மண்டபம் நிறைய ஆட்கள். கதிரை அடுக்கவும் ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிசுக்கு அலையவும் நானும் பொருளாளரும் மட்டும். அதிகம் வாதாடிய பலரின் பெயருக்கு நேரே சந்தாக் கொப்பியில் வெறும் கோடுதான் இருக்கிறது. பெயர் வாசிக்கமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

கணக்கைப் பொருளாளர் விரிவாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், ரிக்கெற் வரவும் வெளிநாட்டு அன்பளிப்பும் செலவை ஏறக்குறைய ஈடுசெய்தன. ஒலியமைப்பாளருக்குச் சிறிய பாக்கி உண்டு. அவர் நல்ல மனிதர், இன்னும் கேட்கவில்லை. மண்டபம் தந்தவர்கள், இளநீர் தந்தவர், மகளிர் அணி, எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் யாராவது இளையவர் இந்தப் பொறுப்பை ஏற்றால் சந்தோசமாகக் கொடுத்துவிடுவேன். ஆனால் ரபான்காரர் தைக்குப் பிறகு ஒத்திகைக்கு வருவதாக வாக்குத் தந்திருக்கிறார், அது என்னிடம் தந்த வாக்கு. புதிய செயலாளர் அதைக் காப்பாற்றுவாரா என்பதைச் சபையே யோசித்துக்கொள்ளட்டும். பொருளாளர் பற்றுச்சீட்டுக் கொப்பியோடு வாசலில் இருக்கிறார். தேநீரும் றோல்ஸும் அவரைத் தாண்டித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.