மாத்திரையும் முட்டைக்கோஸும்

பாலக்கோடு

அன்புள்ள குமரனுக்கு,

போன வாரம் நீ வந்திருந்தபோது, துவைக்கத் துணி எடுக்கப்போய் உன் பையில் சிகரெட் பாக்கெட்டையும் பீட்டா கரோட்டின் மாத்திரை டப்பாவையும் சேர்த்தே பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஒன்றுக்கு இன்னொன்று சரிக்கட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய் போல. பாடம் நடத்தியே பழகிய வாய், கேட்டுக்கொள்.

கேரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் தருவது அந்த கரோட்டின்தான். அது நிறைய உள்ள காய்களைச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததால், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப்பேருக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி ஆய்வை 1996இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ விழுங்குவது அதைத்தான் கண்ணு.

அதற்காகக் காய்கறியில் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. முட்டைக்கோஸ் நறுக்கும்போது சுள்ளென்று ஒரு வாசம் வருமே, அது பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் மருந்து. அதன் மூலப்பொருள் ஓரிடத்தில், அதை மருந்தாக மாற்றும் நொதி வேறிடத்தில் இருக்கும். கத்தி பட்டால்தான் இரண்டும் சேரும். பிராக்கோலியில் இப்படி உண்டாகிற சல்ஃபோராஃபேனை 1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் பிரித்தெடுத்தார்கள். நச்சை வெளியேற்றும் நொதிகளை அது நம் உடம்பில் தூண்டிவிடுகிறது. எலிகளிடம் நல்ல பலன். மனிதருக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

நறுக்கியதும் கொதிநீரில் போட்டால் அந்த நொதி செத்துப்போகும். அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, அப்புறம் அடுப்பில் ஏற்று. அவசரமென்றால் இறக்கியபின் பச்சைக் கடுகுப்பொடி ஒரு சிட்டிகை தூவு, அதிலும் அதே நொதி உண்டு. தாளித்த கடுகு இதற்கு ஆகாது.

தக்காளி இதற்கு நேர்மாறு. எண்ணெயில் நன்றாக வதங்கினால்தான் அதிலுள்ள லைகோபீன் என்கிற சிவப்பு நிறப்பொருள் உடம்பில் சேரும். ராயக்கோட்டை மண்டியில் விலை படுத்துக் கிடக்கிறது என்று அம்மா நிறைய வாங்கித் தொக்கு போட்டிருக்கிறாள். பெங்களூரு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாத்திரையை இன்றே நிறுத்து. சிகரெட்டை விட உதவுவதற்கு அரசின் இலவச எண் இருக்கிறது: 1800-11-2356. கூப்பிட்டுப் பேசிவிட்டு எனக்குப் போன் போடு.

அன்புடன்,
அப்பா