பெரிய வெள்ளிக்கு வாழ்த்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு ஏப்ரல் 3, பெரிய வெள்ளி அன்று தங்கள் நாளிதழில் அரைப் பக்க விளம்பரம் ஒன்று வந்திருந்தது. நடுவில் சிலுவை, சுற்றிலும் ரோஜாப் பூ, கீழே 'புனித வெள்ளி நல்வாழ்த்துகள்', அதற்கும் கீழே கும்பிட்டபடி சிரிக்கும் தலைவர்கள். எங்கள் தெருமுனை ஃபிளெக்ஸிலும் இதே வாசகம்தான். கொடுத்தவர்களின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது இயேசு சிலுவையில் உயிர்விட்டதை நினைத்துத் துக்கம் அனுசரிக்கும் நாள். இழவு வீட்டில் போய் யாராவது வாழ்த்துச் சொல்வார்களா?

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரின் கத்தோலிக்கக் கோயிலில் கோயில்பிள்ளை, அதாவது கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்பவன். முந்தின நாளான பெரிய வியாழன் மாலைப் பூசையில், 'வானவர் கீதம்' என்ற புகழ்ப்பாட்டைப் பாடும்போது கோபுர மணி, பீட மணி எல்லாவற்றையும் சேர்த்து அடிப்போம். அதோடு சரி. சனி இரவு அதே கீதம் வரும்வரை மணிச் சத்தமே கேட்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். பூசை முடிந்ததும் பீடத் துணி, மெழுகுதிரி, பூச்சாடி அத்தனையையும் எடுத்துவிடுவேன். தீர்த்தத் தொட்டியைக் காலி செய்து துடைத்து வைப்பேன். நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழை காலியாக, கதவு திறந்தே கிடக்கும். வெள்ளிக்கிழமை பூசையே கிடையாது. பிற்பகல் வழிபாட்டுக்குச் சாமியார் சிவப்பு உடுப்போடு, பாட்டில்லாமல் வந்து, வெறும் பீடத்துக்கு முன்னால் தரையில் குப்புறப் படுப்பார். ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனமுமாக (இறைச்சி தவிர்த்து) வந்திருக்கும் சனம் அப்போது முழங்காலில் நிற்கும். சின்னப் பிள்ளைகள்கூட வாய் திறக்காது. அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) கோயில்களில் மூன்று மணி நேர மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றித்தான் அன்று பிரசங்கம்.

"லீவு விட்டிருக்காங்கன்னா பண்டிகைதானே அண்ணாச்சி?" என்று கேட்டார் பக்கத்துக் கடைக்காரர். அவர் கேட்டதும் நியாயம்தான். அரசு விடுமுறைப் பட்டியலில் இருப்பது பெரிய வெள்ளி. எங்கள் பண்டிகைகளிலெல்லாம் பெரியது, இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர். கிறிஸ்துமஸ்கூட அதற்கு அடுத்தபடிதான். ஆனால் உயிர்ப்பு எப்படியும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டியலில் அதற்கு வேலையில்லை. லீவைப் பார்த்து வாழ்த்து அடித்தால் இப்படித்தான் ஆகும்.

உயிர்ப்பு ஞாயிறின் தேதி வேறு ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமியை வைத்து, அதற்கு அடுத்த ஞாயிறை எடுப்பார்கள். அதனால் அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கேயும் விழலாம். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20, இந்த ஆண்டு ஏப்ரல் 5. உயிர்ப்புக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் இதை ஒட்டியே நகரும். குடும்பத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். தவக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. சாம்பல் புதன் முந்தி வந்தால் தை மாதத்து மண்டபங்களுக்கு ஓட்டம்தான்.

2019-ல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவே ஏப்ரல் 18, பெரிய வியாழன் அன்று நடந்தது. அன்று மாலை, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக நடக்கும் சடங்குக்கு எங்கள் கோயிலில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் பலருடைய விரலில் மை காயவில்லை. அதைப் பற்றிப் புலம்பி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம். பெரிய வெள்ளிக்கென்று வாழ்த்து விளம்பரம் வந்தால், 'இதை ஞாயிறு போடலாமே' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கட்டணம் அதேதானே! ஞாயிறு இடம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, அதிலிருந்து பெந்தெகோஸ்தே திருநாள் வரை 50 நாளும் எங்களுக்குப் பாஸ்கா காலம், அதாவது உயிர்ப்பைக் கொண்டாடும் காலம்தான். அடுத்த ஆண்டு பெரிய வெள்ளி மார்ச் 26, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. விளம்பரப் பிரிவில் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கோயில்பிள்ளை,
தூத்துக்குடி மாவட்டம்