மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு

கார்டிஃப்
மார்ச் 2

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். உன் பேத்தி கேட்ட கேள்வியைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். "பாட்டி, நீங்க சின்ன வயசுல இருந்த ஊர் எப்படி இருக்கும்?" என்று கேட்டாளாம். மழை பெய்யும், பனி பெய்யும், மலையில் ஆடு மேயும் என்பதற்கு மேல் உனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படி மறந்துபோயிருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. அதனால் நேற்று நான் வளர்ந்த மார்டிக்கே, வேல்ஸின் அந்தக் கரிச்சுரங்க ஊருக்கே, போய்விட்டு வந்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. என் முழங்கால் பரவாயில்லை. ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். மகன் பிரிஸ்டலில் வேலை மாறியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது பெரிய நிம்மதி. காலையில் நடப்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

சரி, மார்டிக்கு வருகிறேன். போர்த் வரை ரயில், அப்புறம் பஸ். பக்கத்து இருக்கையில் மலையேற்றக் காலணி போட்ட ஒரு பையன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன பச்சை! இந்தப் பக்கமெல்லாம் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டான். இல்லை தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நமக்கு அந்த ஊர் கறுப்புதானே, சாந்தி. உன் பேத்திக்கு முதலில் அதைச் சொல். கரி கழுவிய தண்ணீர் கலந்து ஆறே கறுப்பாக ஓடும். மலையிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும் செம்மறியாடுகள்கூடச் சாம்பல் நிறம். காற்று சுரங்கத்துப் பக்கமிருந்து வீசினால் பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். நேற்று பாலத்தில் நின்று பார்த்தேன். ஆற்றின் அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

நாங்கள் வந்து இறங்கியது 1962 நவம்பரில். எனக்கு ஐந்து வயது. அப்போது மார்டிக்கு ரயில் இருந்தது, 1964இல் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வந்த வருஷம் டிசம்பர் கடைசியில் விழ ஆரம்பித்த பனி மார்ச் வரை போகவில்லை. இந்த நாட்டில் இன்றைக்கும் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த என் அம்மா, ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்து இலை இலையாகக் கோலம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "மார்கழி இங்கேயும் வந்துடுச்சு" என்றாளாம். பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் மூன்றில் ஒரு பங்கு பைன்ட் பால் தருவார்களே, அது உறைந்து, மூடியைத் தூக்கிக்கொண்டு புட்டிக்கு மேலே நிற்கும். டீச்சர் அதை அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்குவார். பாதி ஐஸும் பாதி வெதுவெதுப்புமான அந்தப் பாலின் ருசியை நாக்கு இன்னும் மறக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் அபர்டேரில் உன் அப்பா, இந்தப் பக்கம் மார்டியில் டாக்டராக என் அப்பா. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கார் ஏறி வரும்போது உச்சியில் மூடுபனி இருந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். துவரம்பருப்புக்குப் பதில் பட்டாணிப் பருப்பு, புளிக்குப் பதில் ரூபார்ப் தண்டு என்று உன் அம்மா வைத்த சாம்பார்தான் எனக்குச் சாம்பார். பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் சாப்பிட்டபோது இது வேறு ஏதோ என்று தோன்றியது. அப்புறம் அந்த ரவை! பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பாலில் கூழாக்கி, நடுவில் ஒரு கரண்டி ஜாம் வைத்துத் தருவார்கள். அதே பொட்டலத்தை அம்மா வீட்டில் உப்புமா கிண்டுவாள். இரண்டும் ஒரே பொருள் என்று வகுப்பில் ஒருவரையும் நம்பவைக்க முடியவில்லை.

இந்தக் கடிதப் பழக்கமே அங்கே வந்ததுதான். வாரம் ஒரு கடிதம் தமிழில் எழுத வேண்டும் என்று நம் அம்மாக்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஐந்து மைலுக்குள் இருக்கும் தோழிக்குத் தபால்தலை ஒட்டி அனுப்புவோம். என் கடிதத்தில் உன் அம்மா 'ழ'வையும் 'ள'வையும் சிவப்பு மையில் திருத்தி, உன் பதிலோடு திருப்பி அனுப்புவார். அன்றைக்கு எனக்கு அழுகையாக வந்தது. இன்றைக்கு நான் எழுதும் ஒவ்வொரு 'ழ'வும் அவர் கொடுத்தது.

ஊர் நம்மை எப்படி வைத்திருந்தது என்று பேத்தி கேட்டால், பக்கத்து வீட்டு ஆன்ட்டியைப் பற்றிச் சொல். அங்கே எல்லாப் பிள்ளைகளும் தெருப்பெண்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும், அதனால் நமக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அவர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அவர்களுக்குச் சலுகையாகக் கிடைக்கும் கரியை லாரி வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் வாளியில் அள்ளிக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் போட்டு முடித்ததும், ஆன்ட்டி நடைபாதையைக் கழுவிவிட்டு எங்களுக்கு வெல்ஷ் கேக் சுட்டுத் தருவார். அதற்கென்று கனமான, வட்டமான ஒரு இரும்புக்கல். பேக்ஸ்டோன் என்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "இது தோசைக்கல்!" இங்கிலீஷ் சரியாக வராது அவளுக்கு, கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். மறுவாரம் ஆன்ட்டி தன் மாமியாருடைய பழைய கல்லைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதில் வார்த்த முதல் தோசையை ஆன்ட்டிக்குத்தான் கொடுத்தோம். வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்.

வேல்ஸின் காவல் புனிதரான டேவிட் திருநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் உயரமான கறுப்புத் தொப்பியும் சால்வையும் போட்டுக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு நான் வெல்ஷ் கவிதை ஒப்புவித்ததை நீ போட்டோவில் பார்த்திருக்கிறாய். அந்தச் சால்வையும் ஆன்ட்டி கொடுத்ததுதான். நேற்றும் அதே மார்ச் 1. சின்னப் பெண்கள் அதே தொப்பியோடு தெருவில் போனார்கள். பையன்கள் சட்டையில் குத்தியிருந்த லீக்கை, அந்த வெங்காயத்தாள் மாதிரிக் கீரையை, கடித்துக்கொண்டே போகிறார்கள், இன்னும்.

பேத்திக்குச் சொல்வதா என்று நீ யோசிக்கக்கூடியவையும் உண்டு. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் கிளினிக். நடையில் பெஞ்சு. நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் படிப்பேன், அந்தப் பக்கம் இருமல். முகம் பார்க்காமலே இருமலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். கரித்தூசி நெஞ்சில் படிந்து வரும் நோயை ஊரில் யாரும் அதன் மருத்துவப் பெயரால் சொன்னதில்லை. 'டஸ்ட்' என்பார்கள், அவ்வளவுதான். மருத்துவக் குழு பார்த்து எவ்வளவு பாதிப்பு என்று கணக்குப் போடும், நஷ்டஈடு அதைப் பொறுத்தது. அதனால் "அவருக்கு ஐம்பது சதவீதம் டஸ்ட்" என்று, பரீட்சை மார்க் சொல்வதுபோலப் பிள்ளைகளே சொல்லுவோம். ஒரு தொழிலாளி இறந்தால், சாவுக்குத் தூசிதான் காரணம் என்று நிரூபிக்க நுரையீரலை அறுத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் விதவைக்குப் பணம். அதை அந்த அம்மாவிடம் எடுத்துச் சொல்வது அப்பாவின் வேலை. அப்படிச் சொல்லிவிட்டு வரும் இரவுகளில் அவர் சாப்பிட மாட்டார். ஆனாலும் அந்த ஊரை விட்டு வர அவருக்கு மனமில்லை. இந்த நாட்டு டாக்டர்கள் பலர் அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வரத் தயங்கிய காலம் அது. தேசிய மருத்துவச் சேவையைக் கொண்டுவந்த அனைரின் பெவன் கிழக்கே சில பள்ளத்தாக்குகள் தள்ளி, ட்ரெடேகரில், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் என்பதில் அப்பாவுக்குச் சொந்தப் பெருமை மாதிரி ஒரு பெருமை. "நோயாளியின் கையில் எவ்வளவு இருக்கு என்று பார்க்காமல் வைத்தியம் பண்ண எனக்குக் கொடுத்து வைத்திருக்கு" என்பார்.

அபர்வானைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை, கவனித்திருக்கிறாயா? உங்கள் பள்ளத்தாக்குக்கு அடுத்ததுதான். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அரைப்பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். காலை ஒன்பதே கால் மணிக்கு மலைமேல் இருந்த ஏழாம் எண் கரிக்கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் இறங்கியது. 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். எனக்கு அப்போது ஒன்பது வயது, உனக்கும் அதேதான். அதே நேரத்தில் நாமும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருந்தோம். சுற்றுப்பட்ட சுரங்கங்களிலிருந்து ஆட்கள் மண்வாரியோடு போனார்கள். ஆன்ட்டியின் வீட்டுக்காரரும் போனார். ஞாயிறு திரும்பி வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் மலையைப் பார்த்தால் எங்கள் டிப், அதாவது எங்கள் ஊர்க் கரிக்கழிவுக் குன்று, எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஊற்றின்மேல் கழிவைக் கொட்டியிருந்தார்கள். மக்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். இதெல்லாம் விசாரணையில் வந்தது. அதற்கும் பிறகு, மிச்சக் குன்றுகளை அகற்றும் செலவுக்கு, அந்தக் குழந்தைகளுக்காக உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே அரசாங்கம் 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டது. 1997இல்தான் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டியில்லாமல். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

நீங்கள் 1975இல் கோவைக்குத் திரும்பிவிட்டீர்கள், அதனால் 1984இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நீ பார்க்கவில்லை. ஒரு வருஷம், சாந்தி. ஊரில் ஒருவர்கூட வேலைக்குத் திரும்பவில்லை. தோற்று, 1985 மார்ச் 5 அன்று விடியும் முன்னே சங்கக் கொடியைத் தூக்கிப் பிடித்து, பாண்டு வாத்தியம் முழங்க, ஊரே கூடச் சுரங்கத்துக்கு நடந்தது. அப்பாவும் நானும் வாசலில் நின்றோம். அப்பா குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். 1990 டிசம்பரில் அந்தச் சுரங்கமும் மூடியாயிற்று. எங்கள் ரோந்தா பள்ளத்தாக்கில் கடைசியாக இருந்த சுரங்கம் அது.

அந்தப் பையன் பார்த்த பச்சை அதற்குப் பின் வந்தது. டிப்பின்மேலும் புல் முளைத்துவிட்டது, தெரியாதவர்கள் இயற்கையான மலை என்றே நினைப்பார்கள். 2020 பிப்ரவரி புயல்மழையில் நம் பள்ளத்தாக்கிலேயே கீழே டைலர்ஸ்டவுனில் அப்படி ஒன்று சரிந்து ஆற்றில் விழுந்தது. நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிவியில் பார்த்ததும் எனக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. ஆறு தெளிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இருமல் இல்லாத தெருவில் நடந்தது அதைவிடச் சந்தோஷம். ஆனால் பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் பாதிக் கடை மூடிக் கிடக்கிறது, பிள்ளைகள் வேலைக்காகக் கார்டிஃப்புக்குப் பஸ் ஏறுகிறார்கள். பச்சையை மட்டும் பார்த்து அழகு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பஸ்ஸில் இறங்கும்போது அந்தப் பையனிடம் ஆறு கறுப்பாக இருந்ததை மட்டும் சொன்னேன். எழுந்து நின்று கேட்டுக்கொண்டான்.

ஆன்ட்டியின் வீட்டில் இப்போது வேறு யாரோ. கதவுக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள். தட்டலாமா என்று நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா போனபின் அந்தக் கல் என்னிடம்தான் இருக்கிறது. பேத்தி வெல்ஷ் கேக் சுட வேண்டும் என்கிறாளாமே, உன் தோசைக்கல்லே போதும். அரைக்கிலோ மைதாவில் கொஞ்சம் பேக்கிங் பவுடர், கால்கிலோ வெண்ணெய் போட்டு விரல் நுனியால் உதிர்த்துக்கொள். சர்க்கரை ஒரு கப், உலர்திராட்சை ஒரு கை, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, முட்டை இரண்டு. பால் தேவைப்பட்டால் மட்டும். சப்பாத்தியைவிடத் தடிமனாகத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டு. தீ அடைக்கு வைப்பதுபோலச் சின்னதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். எடுத்தவுடன் சூட்டிலேயே மேலே சர்க்கரை தூவச் சொல். எப்படி வந்தது என்று எழுது. அவளையும் இரண்டு வரி எழுதச் சொல். 'ழ' தப்பினால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் கமலா