ரெகுலரா, கரஸ்ஸா?

ஆசிரியருக்கு,

இணையவழிப் பட்டப்படிப்புச் சேர்க்கை குறித்த தங்கள் நாளிதழின் செய்திக்கு, ஏதோ படிக்காமலே கிடைப்பது போல, ‘வீட்டிலிருந்தபடியே பட்டம்’ என்று தலைப்பிடப்பட்டிருந்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டங்களுக்கு இணையானவை என்று, 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 22-ஆவது விதியைச் சுட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் மேசைகளுக்குத்தான் அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. பகலில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி, இரவில் படித்து எம்.காம். முடித்த என் மகளிடம், சென்ற ஆண்டு ஒரு நேர்காணலில், மதிப்பெண் பட்டியலைப் புரட்டும் முன்பே ‘ரெகுலரா, கரஸ்ஸா?’ (நேரடிக் கல்லூரிப் படிப்பா, தொலைநிலைப் படிப்பா) என்று கேட்டார்கள். ‘கரஸ்’ என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள். அவளுடைய ஆறு ஆண்டுக் கணக்கு அனுபவத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

அங்கீகாரம் இல்லாமலே சேர்க்கை விளம்பரம் செய்யும் நிலையங்களுக்கும் இந்த அவப்பெயரில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆகவே, விண்ணப்பப் படிவங்களில் ‘ரெகுலர் / தொலைநிலை’ என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, சேர்ந்த ஆண்டில் அப்படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இருந்ததா என்று மட்டும் கேட்கலாம். அதற்கான பட்டியலைக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது.

– ஒரு வாசகர், ஈரோடு