பேங்க் பக்கம் திறக்கவில்லையா? பிரவுசரை அழிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சேலம், நாலு ரோடு

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் 20ஆம் தேதி சாயங்காலம், ஆத்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து போன். "அண்ணே, ஜிஎஸ்டி சைட்டுல சைன் விழ மாட்டேங்குது, இன்னிக்குத்தான் கடைசி நாளுங்க" என்று கணக்கு பார்க்கும் தம்பி பதறினார். நம் கடைப் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். குரோம் பிரவுசரை அழித்துத் திரும்பப் போட்டான். ஃபயர்பாக்ஸ் போட்டுப் பார்த்தான். டிஜிட்டல் கையெழுத்துக்காகச் செருகும் யூஎஸ்பி டோக்கனின் டிரைவரை மாற்றினான். மோடத்தை அணைத்துப் போட்டான். இரவு ஒன்பதரைக்கு நான் போய் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது: இரண்டு மாதம் முன்பு நாமே போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ்தான் குறுக்கே நின்றிருக்கிறது. ஜிஎஸ்டி தளம் கையெழுத்து வாங்க எம்சைனர் என்ற சின்ன மென்பொருளோடு பேச வேண்டும். அது ஓடுவது அதே கணினிக்குள். அந்தப் பேச்சையும் ஆன்டிவைரஸ் மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தது. அமைப்பில் ஒரு டிக்கை எடுத்தேன், சைன் விழுந்தது.

அன்று ரிட்டர்ன் போகாமல் இருந்திருந்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், வட்டி வேறு. தப்பித்தோம். ஆனால் மூன்று மணி நேரம் அவர்களை அலைக்கழித்தது நம் கடை விற்ற ஆன்டிவைரஸ் பெட்டிதான். அந்தத் தம்பிக்கு சர்வீஸ் சார்ஜ் போடவில்லை. மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பட்டறையிலிருந்து கொலுசு பொட்டலம் சீல் வைத்து உங்கள் கடைக்கு வருகிறது. வழியில் ஒருவர், "உங்க நல்லதுக்குத்தாங்க பார்க்கிறேன்" என்று சீலை உடைத்து, எடை பார்த்து, தன் சீலை வைத்து ஒட்டி அனுப்புகிறார். சரக்கு குறையவில்லை. ஆனாலும் பட்டறை சீல் இல்லாத பொட்டலத்தை நீங்கள் வாங்குவீர்களா? பேங்க் தளத்திலிருந்து பிரவுசருக்கு வரும் தகவலும் இப்படிச் சீல் வைத்த பொட்டலம்தான். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதற்கு அர்த்தம் அதுவே. பல ஆன்டிவைரஸ்கள் அதற்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் பிரித்துவிட்டுத் தங்கள் சான்றிதழால் (அதுதான் இங்கே சீல்) திரும்ப மூடுகின்றன. பிரவுசர் மிரளாமல் இருக்க, தங்கள் சீலையும் நம்பத்தக்க சீல்களின் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவைக்கின்றன. அந்தச் சேர்ப்பில் எங்காவது பிசகினால், "யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்" (உங்கள் இணைப்பு பாதுகாப்பாக இல்லை) என்று திரையில் வந்து நிற்கும். ஒரு பிரவுசரில் திறக்கும் பக்கம் இன்னொன்றில் திறக்காமல் போவதும் இதனால் நடக்கும். குரோம் விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலில் சேர்ந்த சீலை ஏற்றுக்கொள்ளும். ஃபயர்பாக்ஸோ வெகுகாலமாகத் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.

இது நம்மூர் நெட் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 2019 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸ் 65 வெளிவந்தபோது, அவாஸ்ட், ஏவிஜி என்ற ஆன்டிவைரஸ்கள் வைத்திருந்தவர்களுக்கு எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காமல் போய், ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லா விண்டோஸுக்கான அப்டேட்டையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த ஃபயர்பாக்ஸ் 68, இப்படி நடுவில் ஒருவர் பிரிக்கிறார் என்று தெரிந்தால் விண்டோஸ் பட்டியலையும் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. அதன் பிறகு இந்தத் தொல்லை குறைந்தது, ஒழியவில்லை.

சீல் சண்டை போக இன்னொரு சண்டையும் உண்டு. சில ஆன்டிவைரஸ்கள் பிரவுசருக்குள்ளேயே தங்கள் புரோகிராம் வரிகளை (கோடு) நுழைத்துவிடும். சமையல்காரர் கிளறிக்கொண்டிருக்கும் வாணலியில் இன்னொருவர் கரண்டியை விட்டால் என்ன ஆகும்? டேப் திடீரென்று செத்துப்போகும், பிரவுசர் மூடிக்கொள்ளும், நீங்கள் "ரேம் பத்தலையாங்க?" என்று கேட்டு வருவீர்கள். விண்டோஸில் குரோம் பயன்படுத்துவோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் குரோமோடு உரசும் வேறு மென்பொருள் இருக்கிறது, உள்ளே கோடு நுழைக்கும் மென்பொருள் இருந்தால் குரோம் படுத்துவிடும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல் என்று கூகுள் 2017இல் சொன்னது. அடுத்த ஆண்டு குரோம் 68 முதல் அப்படி நுழைவதைத் தடுக்க ஆரம்பித்தார்கள். 2019 அக்டோபரில் குரோம் 78 அந்தக் கதவை இன்னும் இறுக்கியபோது, சைமன்டெக் ஆன்டிவைரஸின் பழைய பதிப்பு போட்டிருந்த அலுவலகங்களில் குரோம் எந்தப் பக்கத்தையும் காட்ட மறுத்தது. ரேம் கூட்டியிருந்தாலும் அது சரியாகியிருக்காது. (சிலருக்கு நாமும் ரேம் விற்றிருக்கிறோம். அவர்கள் கணினிக்கு அது நிஜமாகவே தேவைப்பட்டது என்று நம்புகிறேன்.)

ஆன்டிவைரஸோடு இலவச இணைப்பாக வந்து பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்கள் மேல் எனக்கு அதைவிடக் கோபம். தேடுபொறியை மாற்றும், வேகத்தைக் குறைக்கும், நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டும் இருக்கும். அவாஸ்ட் தன் வாடிக்கையாளர்களின் பிரவுசிங் விவரங்களைச் சேர்த்து விற்றதற்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் நுகர்வோர் நலனைப் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 2024 பிப்ரவரியில் அறிவித்தது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கதையை வெளியில் விற்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இனி நம் கடையில் மாறுவது இதுதான். சர்வீஸுக்கு வரும் கணினியில் கேட்காமல் ஆன்டிவைரஸ் ஏற்றிப் பில்லில் சேர்க்கும் பழக்கத்தை நிறுத்துகிறோம். ஒரு பெட்டி விற்றால் கடைக்கு ஓரளவு நிற்கும், மறைக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது (10க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது). வீட்டுக்கும் சிறு கடைக்கும், அப்டேட்டை ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கு, அது போதும் என்பது என் கருத்து. பத்துப் பதினைந்து கணினி, ஊர் சுற்றிவரும் பென் டிரைவ், எல்லோரும் தொடும் டேலி கணக்கு மென்பொருள் என்றிருக்கும் அலுவலகங்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் இன்னும் தேவைதான். அங்கே நாமே வந்து அளவாக அமைத்துத் தருகிறோம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். உரிமம் முடியும்வரை ஓடட்டும். கடைக்குக் கொண்டுவந்தால் எச்டிடிபிஎஸ் சோதனையை மட்டும் நிறுத்தி, எக்ஸ்டென்ஷனை எடுத்துத் தருகிறோம், காசு வேண்டாம். உரிமம் முடிந்தும் உள்ளேயே கிடப்பதுதான் மோசம். நீக்கும்போது கன்ட்ரோல் பேனலோடு விட்டால் அடியில் மிச்சம் தங்கும். அந்தந்தக் கம்பெனியே கொடுக்கும் நீக்கும் கருவியை ஓட்ட வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்து நாலு பேர் இருக்கிறீர்கள். தயவுசெய்து முதலில் நீங்கள் வாருங்கள்.

நடுவில் யார் பிரிக்கிறார் என்று வீட்டிலேயே பார்க்கலாம். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் குறியைச் சொடுக்கி, சான்றிதழைத் திறங்கள். குரோமில் 2023 முதல் அங்கே பூட்டுப் படம் இல்லை, இரண்டு கோடும் வட்டமுமாக ஒரு குறி இருக்கும். வழங்கியவர் என்ற இடத்தில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், இந்த மடல் உங்களுக்குத்தான். எச்சரிக்கைத் திரை வந்தால் "பரவாயில்லை, உள்ளே போ" என்ற பொத்தானை மட்டும் பேங்க் தளத்தில் அமுக்காதீர்கள். குறுக்கே நிற்பது ஆன்டிவைரஸ்தானா, திருடனா என்று அந்தத் திரை சொல்லாது.

ஆனால் எல்லாப் பழியையும் ஆன்டிவைரஸ் மேல் போடவும் முடியாது. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் இதே எச்சரிக்கை வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தால், மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. அந்தத் தேதியில் பேங்கின் சான்றிதழ் பிறக்கவே இல்லை, பிரவுசர் எப்படி நம்பும்? ஆகவே போன் போடுவதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். உங்களுக்குப் பெட்ரோல் செலவு மிச்சம், எனக்கு மலை ஏறும் வேலை மிச்சம்.

"உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி, உடனே பணம் கட்டுங்கள்" என்று திரை ஓரத்தில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் ஆன்டிவைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு 'அலோ' கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் அமைப்பில் அந்தத் தளத்தை நீக்கினால் போய்விடும்.

விண்டோஸ் 7 பில்லிங் கணினி வைத்திருக்கும் லீ பஜார் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அதற்குக் குரோமின் புதிய பதிப்புகள் 109ஓடு நின்றுவிட்டன. எந்த ஆன்டிவைரஸும் அந்தக் குறையை நிரப்பாது. அதில் பில் போடுங்கள், பேங்க் தளம் வேண்டாம்.

கடை காலை பத்து முதல் இரவு எட்டரை வரை. ஜிஎஸ்டி கணினியாக இருந்தால் தயவுசெய்து 20ஆம் தேதி வேண்டாம், 15க்குள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நாலு ரோடு கம்ப்யூட்டர் கடை